சாயம் பூசிய குஞ்சுகளும் மாப்பிள்ளையின் பேண்ட்டும்

வடக்கனந்தல்
9-10-87

அன்பு மகள் தங்கமணிக்கு அப்பா கொளஞ்சியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம், கோழிகளில் பருந்து விட்டுவைத்தவையும் சுகம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் இங்கே சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை எழுதிய கடிதம் இட ஒதுக்கீட்டு மறியல் முடிந்து தபால் ஓட ஆரம்பித்த பிறகுதான் கைக்கு வந்தது. உங்கள் பக்கம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை என்று பேப்பரில் பார்த்தேன், அதனால் தங்கமணியைப் பிரசவத்துக்கு அங்கே அனுப்ப யோசனையாக இருக்கிறது, இங்கேயே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதை நான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவது கோழி விஷயம் ஒன்றுதான்.

கோழி விஷயம் என்னவென்றால், நீ உண்டாகியிருக்கிறாய் என்று கடிதம் வந்ததுமே உன் அம்மா செவலைக் கோழியை அடைக்கு வைத்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்புக்குக் கடையில் விற்கிற வெள்ளைக் கோழி ஆகாதாம், சத்தும் இல்லை ருசியும் இல்லையாம், தன் கையால் வளர்த்த வெடக்கோழிதான் வேண்டுமாம். குஞ்சு பொரித்த நாளிலிருந்து ஒவ்வொன்றையும் இது முதல் வாரத்துக் குழம்புக்கு, இது ரசத்துக்கு, இது பேரப்பிள்ளைக்கு முட்டை போட என்று பேர் வைக்காத குறையாகப் பிரித்துவிட்டாள். அதனால் பருந்து ஒரு குஞ்சைத் தூக்கினால் அது குஞ்சைத் தூக்கிய கணக்கில் வராது, எம் பொண்ணு சோத்துல கைய வெச்சிட்டானே பாவி என்று தெருவே கேட்கிற மாதிரி அழுவாள். மாப்பிள்ளை கடிதம் வந்த பிறகு அந்த அழுகை இரண்டு மடங்கு. ஒரு குஞ்சு குறைந்தால் நீ வருவதும் கொஞ்சம் குறைந்துபோன மாதிரி அவளுக்கு ஒரு எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான், நான் வெளியில் சொல்லவில்லை.

முன்பெல்லாம் நம் வீட்டில் இத்தனை பருந்து தொல்லை கிடையாது என்று உனக்குத் தெரியும். இப்போது ஏன் வந்தது என்றால் மறியலில் கச்சிராயபாளையம் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள் அல்லவா, அதனால்தான். இட ஒதுக்கீடு கேட்டது நியாயம், அதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை, அதில் அடிபட்டவர்களைப் பற்றியும் உயிரை விட்டவர்களைப் பற்றியும் விளையாட்டாக எழுத எனக்கு மனசு வராது. ஆனால் அந்த மரங்களில் குடியிருந்தவர்களை யாரும் யோசிக்கவில்லை. காக்கைகள் பெண்டு பிள்ளையோடு நம் தோட்டத்து வேப்பமரத்துக்கு வந்துவிட்டன, பருந்து இரண்டு தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டன. காக்கை கூண்டுக்குள்ளேயே நடந்துபோய் முட்டையைக் குடிக்கிறது, பருந்து குஞ்சைத் தூக்குகிறது. ஊருக்கு எத்தனை சதவீதம் கிடைக்குமோ தெரியாது, அவற்றுக்கு நம் வீட்டில் நூறு சதவீதம் ஒதுக்கியாகிவிட்டது.

முதலில் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை கட்டினேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. தலைத் தீபாவளிக்கு வந்தபோது அவர் விட்டுப்போன சாம்பல் நிறப் பேண்ட்டும் கட்டம் போட்ட சட்டையும் பெட்டியில் சும்மாதானே கிடந்தன, அதற்குள் வைக்கோலைத் திணித்து நிறுத்தினேன். உயரமும் வயிறும் ஏறக்குறைய அவர் மாதிரியே அமைந்துவிட்டது. அடுத்த வீட்டுக் குஞ்சம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, பிலாய்க்காரு தனியா வந்து தோட்டத்துல நின்னுகினு கீறாரு, புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னா தகராறோ தெரியல, மாமனாரு வூட்டுக்குள்ளயே சேக்கல என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் ரிஷிவந்தியத்திலிருந்து உன் பெரியத்தை பஸ் பிடித்து வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போய், எதுவா இருந்தாலும் உக்காந்து பேசிக்கலாம் வாங்க மாப்ள என்று கூப்பிட்டிருக்கிறாள். அப்போது காக்கை அவர் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது. அன்று மாலையே அவரைக் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டோம்.

பிறகு இதே குஞ்சம்மாள்தான் சாயம் அடிக்கச் சொன்னாள். குஞ்சுக்குக் கலர் பூசினால் பருந்துக்கு அது குஞ்சு என்றே தெரியாதாம், அவள் பிறந்த ஊர் நைனார்பாளையத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்களாம். சாயம் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனால் கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. திரும்பி வந்து நம் ஊர் டீக்கடைச் சடையனைக் கேட்டேன், அவன் கடைக்குப் பின்னால் மறியல் பையன்கள் சுவரில் கோஷம் எழுதி மிச்சம் வைத்த சாயம் ஒரு டப்பா ரோஸ், ஒரு டப்பா நீலம் இருந்தது, எடுத்துட்டுப் போ சாமி, எங்கிட்ட கீதுன்னு தெரிஞ்சா எனக்குத்தான் ஆபத்து என்று கையில் திணித்து அனுப்பிவிட்டான். பாதிக் குஞ்சுக்கு ரோஸ், பாதிக்கு நீலம். ஒவ்வொன்றாகப் பூசி என் மடியில் வைத்துத் துண்டால் துடைத்துக் காயவைத்தேன். என் கை இன்னும் ரோஸ்தான், வேட்டி நீலம்தான். பருந்து அன்றைக்கு முழுக்கத் தென்னைமட்டையில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததே தவிர இறங்கவில்லை. நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் பருந்துக்கு அடையாளம் தெரியாதது போலவே தாய்க்கும் தெரியாமல் போய்விட்டது. செவலை வந்தது, பார்த்தது, ரோஸ் குஞ்சை ஒரு கொத்து, நீலக் குஞ்சை ஒரு கொத்து, பிறகு வாசலில் இருக்கிற வைக்கோல் போர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இந்த வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மடியில் கிடந்த சூடு ஞாபகம் போல, குஞ்சுகளெல்லாம் என் பின்னால் வந்துவிட்டன. நான் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி, கொல்லைக்குப் போனால் கொல்லை. உட்கார்ந்தால் வேட்டிக்குள் நுழைகின்றன. உன் அம்மா அத்தனை நாள் கழித்து முதல் தடவையாகச் சிரித்து, நல்லவேளை பால் குடிக்கிற ஜாதி இல்ல என்று சொன்னாள்.

அப்படியே டீ குடிக்கப் போனேன், அவையும் வரிசையாக வந்தன, ரோஸ் நீலம் ரோஸ் நீலம் என்று. திரும்பி வந்து நம் வாசலை நெருங்கும்போது போலீஸ் வேன் வந்து நின்றது. இன்னும் ஊர்வலத்துக்குத் தடை இருக்கிறது. ஒரு ஏட்டு இறங்கி, முகத்தில் சிரிப்பே இல்லாமல், அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு உத்தரவு கீது தெரியுமில்ல, இது இன்னாய்யா ஊர்வலம், எந்தக் கட்சிக் கொடி இது என்று கேட்டார். ஐயா கோழிக்குஞ்சுங்க என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையில் ரோஸ் சாயம். சுவத்துல எழுதுற ஆளா நீ, ஏறு வண்டில என்றார். தங்கமணி, நான் கையை அவசரமாக வேட்டியில் துடைத்தேன், அதிலும் நீலம். என்னைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டால் உன்னை யார் போய்க் கூட்டி வருவது, போலீஸ் பிடித்துப் போன வீட்டுக்கு மாப்பிள்ளை எப்படி உன்னை அனுப்புவார் என்பதுதான் முதலில் தோன்றியது.

நான் பயத்தில் நின்றதைப் பருந்து நல்ல சமயம் என்று பார்த்துவிட்டது. அந்தக் கலர் அதன் கண்ணுக்குப் பழகிவிட்டதோ என்னவோ, நேராக இறங்கியது. குஞ்சுகள் கீச்சென்று கத்திக்கொண்டு ஏட்டின் பூட்ஸுக்கு நடுவில் புகுந்தன. அவர் லத்தியை வீசினார், அது என் முட்டியில் பட்டது. அதற்குள் செவலை வைக்கோல் போரிலிருந்து பறந்து வந்தது பார், கோழி அத்தனை உயரம் பறந்து நான் பார்த்ததில்லை. பருந்தின் நெஞ்சிலேயே மோதி, அதோடு சேர்ந்து உருண்டு, இறகு பறக்க அதை விரட்டி, போகிற போக்கில் ஏட்டின் தொப்பியையும் சாக்கடையில் தள்ளியது. பின்னாலேயே உன் அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள், அது பருந்துக்கா போலீசுக்கா என்று இன்று வரை சொல்லவில்லை. ஏட்டு தொப்பியை உதறிக்கொண்டு, யோவ் பெரியவரே, உன் கட்சி எதுன்னு தெரியல, ஆனா மகளிரணி பலம்யா என்று சொல்லி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு பார்த்தால் செவலை நடுத்தெருவில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கிறது, ரோஸும் நீலமும் ஒன்றுவிடாமல் அதற்கு அடியில். உன் அம்மா பக்கத்தில் குந்தி, கலருதான் மாறிப்போச்சி, கத்துனா பெத்தவளுக்குத் தெரியாதா என்றாள். சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். இந்தமுறை குஞ்சுக்காக இல்லை. நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அம்மாடி, எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான், மற்றதெல்லாம் சாக்கு.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல், ரோட்டில் மரமெல்லாம் எடுத்தாகிவிட்டது, நான் நேற்று பஸ்ஸில் சின்னசேலம் ரயிலடி வரைக்கும் சும்மா போய் வந்து பார்த்துவிட்டேன், நடுவில் எங்கும் நிற்கவில்லை. டாக்டர் சரி என்றால் நானே வந்து உன்னைக் கூட்டி வருகிறேன். அப்படி வேண்டாம் என்று டாக்டரோ மாப்பிள்ளையோ சொன்னாலும் மனஸ்தாபம் இல்லை, அவர் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அப்போது நாங்கள் அங்கே வருகிறோம். உன் அம்மா முடிவு பண்ணிவிட்டாள். கள்ளக்குறிச்சி பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவள், ரயிலைத் தூரத்திலிருந்து பார்த்தவள், மார்கழியில் கிளம்பலாம் என்று என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். செவலையையும் குஞ்சுகளையும் வாய் கட்டிய கூடையில் கொண்டுவரப் போகிறாளாம். டிக்கெட் பார்க்கிறவர் கேட்டால் என்ன சொல்வது என்றேன், எம் பொண்ணுக்குப் பிரசவம்னு சொல்லு, அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே என்கிறாள்.

தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஜன்னல் வழியாக எறியாமல் விழுங்கு, உன்னை எனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் நீயும் பிறக்கப் போகிற பிள்ளையும் பதினாறும் பெற்று நீடூழி வாழ வேண்டும். எங்கே பிறந்தாலும் சரி, நல்லபடியாகப் பிறந்தால் போதும். இந்தக் கடிதம் கண்டதும் ஒரு கார்டாவது போடு, நீ வருகிறாயா நாங்கள் வரட்டுமா என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
உன் வரவையோ எங்கள் புறப்பாட்டையோ எதிர்பார்க்கும் அப்பா,
மு. கொளஞ்சியப்பன்

உன் அம்மா பெரியநாயகி பக்கத்திலேயே உட்கார்ந்து, கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இது ஒன்றைக் கேட்டு எழுதச் சொல்கிறாள்: உங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் பருந்து உண்டா?