நைனாவின் தலையைப் படம் பிடித்த பிறகு

நைனா,

பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் போன மாதம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. இன்று காலை அவருடைய மகன் ஒரு பெரிய உறையிலிருந்து கறுப்புப் படம் ஒன்றை உருவி, என் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். புதுப் படத்தின் மருந்து வாசனை மூக்கில் ஏறியது. "இதை வெச்சே அம்மாவுக்கு இனிமே மறதி நோய் வருமான்னு ஓரளவு சொல்லிடறாங்க ஆன்ட்டி" என்றான். நான் படத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். இதை இன்னும் யார் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறானோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

உங்கள் தலையைப் படம் பிடித்த காலத்தில் இந்த வசதிகள் ஏது? எழுபதுகளின் தொடக்கம். தங்கச் சுரங்கத்தில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த உங்களுக்கு வலது கையும் காலும் விழுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தலைவலி மட்டும் நிற்கவில்லை. கட்டி ஏதாவது இருக்குமோ என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்டார்கள். முதுகில் ஊசி குத்தி, அதன் வழியே தலைக்குள் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். நீங்கள் வலியில் துடித்தீர்கள். அந்த நிலையிலும் என்னிடம், "அண்டர்கிரவுண்டுக்குக் காத்து அனுப்பற மாதிரி என் தலைக்கும் அனுப்பறானுங்கம்மா. உள்ள ஆளு யாராச்சும் கீறானா கேளு" என்றீர்கள்.

டாக்டர் நல்லவர். படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டி, அம்மாவுக்கும் எனக்கும் ரத்தினம் மாமாவுக்கும் பொறுமையாகச் சொன்னார். கட்டி இல்லை. ஆனால் மூளை சுருங்கியிருக்கிறது, நடுவில் உள்ள பள்ளங்கள் பெரிதாகியிருக்கின்றன. போகப்போக மறதி வரலாம். "சாமான் காணோம், யாரோ திருடறாங்கன்னு சொல்லுவார். அவரோட சண்டை போடாதீங்க" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவின் தம்பியான ரத்தினம் மாமாதான், "எப்ப ஆரம்பிக்கும் சார்?" என்று கேட்டார். அப்போது அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

உங்கள் வேலை போனபின், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீடு மாமாவின் பேருக்கு மாறியிருந்தது. அவர் ஷாஃப்ட் வழியே சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவர். அவர் இருந்ததால்தான் நமக்குக் கூரை இருந்தது. நீங்கள் பகலெல்லாம் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். இருபது வருஷத்துக்கு மேல், ஆட்கள் சுரங்கத்துக்குள் போய்வரும் கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டிய கண்கள் உங்களுடையவை. "சந்தேகம் வந்தா லீவரைத் தொடக் கூடாது. கீழ நிக்கறது மனுசன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! சந்தேகப்படுவது உங்களுக்குத் தொழில். அதை நாங்கள் நோய் என்று நினைக்கப் பழகிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் நான் டீச்சராக இருந்த பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னீர்கள்: "கோழிக்கூண்டு தள்ளிக் கீது. அடியில மண்ணு புச்சா கீது."

மாமா தட்டிலிருந்து தலை நிமிராமல் சிரித்தார். "ஆரம்பிச்சிடுச்சு அக்கா. டாக்டர் சொன்னாரில்ல?"

அம்மாவின் கண் கலங்கியது. அடுத்த வாரமும் அதையே சொன்னீர்கள், அதற்கடுத்த வாரமும். மாமா தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க நைனாக்கு மூளை கலங்கிடுச்சாமே, பாவம்" என்றார்கள். வீட்டுக்குள் சொன்னதை மாமா ஏன் குழாயடி வரைக்கும் கொண்டுபோகவேண்டும்? அங்கேதான் எனக்கு முதல் முள் குத்தியது. இன்னொன்றும் உறுத்தியது. மறதி வந்தவர் கதையை மாற்றி மாற்றிச் சொல்லவேண்டாமா? நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். மண்ணு புச்சா கீது.

அந்த நாட்களில் தங்கம் ஓடிய கல்லை யாரோ கடத்துகிறார்கள் என்று லைன் லைனாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா பகல் ஷிஃப்டுக்குப் போனதும் கூண்டை நகர்த்தினேன். கோழிகள் கத்தின. "மெதுவா தோண்டும்மா" என்றீர்கள். முழங்கை ஆழத்தில் ஒரு துணி மூட்டை அகப்பட்டது. உள்ளே வெள்ளைக் கற்கள், நடுவே தங்கம் ஓடும் நீல வரி. நீங்கள் ஒரு கல்லை இடது கையில் எடுத்து வெயிலில் திருப்பினீர்கள். உங்கள் முகத்தில் வெற்றி இல்லை. பயம்தான் இருந்தது.

மாமா வந்ததும் அம்மா மூட்டையை அவர் முன்னால் வைத்தார். அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"அய்யோ அக்கா! உன் வூட்டுக்காரருதான் எப்பவோ கொண்டாந்து பொதைச்சிருப்பாரு. இப்ப மறந்துட்டுப் பழிய என் மேல போடறாரு. படத்துலயே தெரிஞ்சிதே, மூளை சுருங்கிடுச்சின்னு!"

நைனா, அந்த நொடியில் எனக்கும் சந்தேகம் வந்தது. அப்படியும் இருக்குமோ? உங்களையே நீங்கள் தேடிப் பார்ப்பதுபோல உங்கள் கண்கள் எங்கோ போயின. தாம் செய்ததைத் தாமே மறந்துவிட்டோமோ என்று நினைத்தீர்கள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா குனிந்து மூட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்பியை ஏறிட்டார்.

"துணி புதுசு ரத்தினம். மண்ணுல கெடந்து நாலு மழை பாத்த துணியா இது? முடிச்சப் பாரு. ரெண்டு கையும் போட்டு இறுக்கின முடிச்சு. என் வூட்டுக்காரருக்கு லுங்கி முடிச்சே நான்தான் போட்டு வுடறேன்."

மாமாவின் கை மூட்டைப் பக்கம் போனது.

"நீ இருந்தாத்தான் இந்த வூடுன்னு எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "பரவால்ல. எடுத்துக்கினு போ. போயிடு."

சோதனையில் அகப்பட்டிருந்தால் ஜெயிலுக்குப் போயிருப்பது நீங்கள்தான். மூளை கெட்டவர் சொல்வதை யார் நம்புவார்கள்? படத்தில் இருந்ததை டாக்டர் சொன்னார். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒளிய முடியும் என்று கண்டுபிடித்தது மாமா.

மறுநாள் மாரிகுப்பத்தில் அவர் ரயிலேறியதாகச் சொன்னார்கள். மூட்டையை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. வேலையை விட்டவருக்கு வீடு கிடையாது. நாம் ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனோம். என் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது.

ஆனால் படமும் பொய் சொல்லவில்லை, நைனா. இரண்டு மூன்று வருஷத்தில் அது சொன்னதும் வந்தது. முதலில் தெருப் பெயர்கள் போயின. அப்புறம் என் பெயர். ஒருநாள் அம்மாவிடம், "நீங்க யாரு வூட்டு அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து, "இந்த வூடுதாங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் ரத்தினம் மாமா வந்தார். உங்கள் நிலைமையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இளைத்து, முன்பல் போய், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அம்மா உள்ளே கூப்பிடவில்லை. நீங்கள்தான் கட்டிலில் இருந்தபடியே, "வாடா மச்சான். சாப்ட்டியா?" என்றீர்கள்.

பெற்ற மகளின் பெயர் நினைவில்லாத உங்களுக்கு அவரைத் தெரிந்தது. மாமா உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து தேம்பினார். "எம்மேல கோவமே இல்லியா மாமா?"

"இன்னாத்துக்குக் கோவம்? அவனுக்குச் சோறு போடு" என்றீர்கள்.

அம்மா இலை போட்டார். கை கழுவ மாமா பின்பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் உங்கள் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி நல்ல பலமாக இருந்தது.

"பின்னாடி போறான். கூடவே போ" என்றீர்கள் மெதுவாக.

போனேன். மாமா தொட்டியோரம் நின்று முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் இல்லை. திரும்பி வந்து, "முகந்தான் கழுவறாரு நைனா" என்றேன். "சரி" என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதன்பின் அவர் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் போய்விட்டீர்கள்.

நீங்கள் அவரை மறந்து மன்னித்தீர்களா, மறக்காமலேயே சோறு போடச் சொன்னீர்களா? என்னை அனுப்பியது உங்கள் நினைவா, நோயா? இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும் படம் இன்னும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். யாருக்காவது வயதாகி, புத்தி தடுமாறுகிறது என்று மற்றவர்கள் சிரிக்கும்போது, நான் சிரிப்பதுமில்லை, வாதாடுவதுமில்லை. அவர் கை காட்டும் இடத்துக்கு எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.