பெண்கள் கூடத்துக் கேமரா

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் கடும் பனி. வெகுநேரம் மலை தெரியவில்லை.

சையத் இப்ராகிம் ஆகிய நான் இந்த நாட்குறிப்பைத் தொடங்குவது ஒரே நோக்கத்துக்காக: செல்வத்தின் வீடியோ நிலையத்துக்கு நான் எழுதும் கருவிக் குறிப்புகளில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று பதிந்துவைக்க.

வேலை இது. கல்யாண நேரலையில் செல்வம் தனியாள். கேமரா மாற்ற, ஒலி கூட்ட ஓர் ஏஐ முகவரை மென்பொருளோடு இணைத்திருக்கிறார். அது இயக்கக்கூடிய செயல் ஒவ்வொன்றும் ஒரு 'கருவி'; அதன் கீழ் உள்ள குறிப்பைப் படித்துத்தான் அது எதை இயக்குவது என்று முடிவுசெய்யும். குறிப்பு தெளிவானால் முடிவும் தெளிவு. எனக்கு ஐயமில்லை.

ஞாயிறு நஸ்ரினின் நிக்காஹ். தங்கை ஃபாத்திமாவின் மகள். நோன்புக்கு முன் வேறு நாள் அமையவில்லை. பெண்ணின் அண்ணன் ரஃபிக்குக் குவைத்தில் விடுப்பு மறுப்பு. அவன் பார்க்க நேரலை ஒன்றே வழி.

குறிப்புகள் முடிந்தன. விதிகள் அனைத்தும் முதல் பக்கத்தில், எண்ணிட்டு. திருப்தி.

பால் வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து மண்டபத்தில் ஒத்திகை. கேமரா மூன்று: மேடை, வாசல், பெண்கள் கூடம். மூன்றாவது வீட்டாருக்கான பதிவு மட்டும்; வெளியே போகக் கூடாது. எங்கள் வழக்கம் அது. விதியாகவும் எழுதியிருந்தேன்.

செல்வம் மைக்கில் முகவரிடம்: "மேடை காலியா இருக்குதுப்பா. ஆளுங்க இருக்குற எடத்தைக் காட்டு."

காட்டிவிட்டது. பெண்கள் கூடம். முக்காடு நழுவி ஃபாத்திமா மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை நேரலையின் இணைப்பு இரு வீட்டாரிடமும் இருந்தது. ஃபாத்திமா ஓடிவந்தாள்.

"என்னாண்ணா கூத்து இது? சம்பந்தி வூட்டு ஆம்பளைங்க எல்லாம் பாத்துட்டாங்க! லைவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ரஃபி?"

"போட்டோவுல பாத்துக்கட்டும்."

செல்வம் தலையைச் சொறிந்தார். "பாய், கூட்டம் அங்கதான இருந்துது? கேட்டதைத்தான செஞ்சுது?"

உண்மை. 'காட்சியை மாற்று' என்ற கருவியின் கீழ் நான் எழுதியது: "கேட்ட கேமராவுக்கு மாற்றும்." மாற்றியது நேரலையில் தெரியுமா, எந்தக் கேமரா கூடாது? ஒரு சொல் இல்லை. தடை முதல் பக்கத்தில், கை வைக்கும் இடத்தில் வெறுமை. பிழை என்னுடையது. திருத்தக்கூடியது.

முழங்கால் வலி. தைலம்.

பிப்ரவரி 14, சனி

வெயில். செங்கம் சாலையில் நெரிசல், மண்டபம் சேரத் தாமதம்.

ஒரு கருவியை இரண்டாகப் பிரித்தேன்.

'நேரலையில் காட்டு': பார்ப்பவர் அனைவருக்கும் உடனே தெரியும். மேடை, வாசல் மட்டுமே ஏற்கும். மேடை காலியானால் வாசல். வேறு இடம் கேட்டால் மறுத்துக் காரணம் சொல்லவும்.

'பதிவுசெய்': பெண்கள் கூடம். சேமிப்பில் மட்டும் சேரும். நேரலைக்குப் போகாது.

அத்துடன், நேரலைக் கருவி மூன்றாவது கேமராவைத் தொடவே முடியாதபடி செல்வத்தை அமைக்கச் செய்தேன். நடக்கவே கூடாததை வேண்டுகோளாக மட்டும் எழுதிவைக்கக் கூடாது.

ஃபாத்திமாவை வரவழைத்து மைக்கைக் கையில் கொடுத்தேன்.

"பொம்பளைங்க பக்கம் காட்டு."

மறுப்பு.

"பொண்ணோட அம்மா சொல்றேன், காட்டு!"

மறுப்பு, காரணத்துடன்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குற எடம்?"

வாசல் வந்தது. அங்கே செல்வம் தனியாக பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். ஃபாத்திமா சிரித்துவிட்டாள். "நம்ம வூட்டு ஆம்பளைங்களுக்கு இது எவ்ளோவோ மேல், சொன்ன பேச்சுல நிக்குது. சரி, லைவ் இருக்கட்டும்."

உடனே ரஃபிக்குச் சொன்னோம். அவன் ஃபோனில் கேட்டான்: "மேடை தெரியும், சரி மாமா. நஸ்ரின் சம்மதம் சொல்றது? அது உள்ளதான?"

உள்ளேதான். பெண் சார்பில் சம்மதம் கேட்டுவரும் வக்கீலாக நானும் இரண்டு சாட்சிகளும் அவள் அறைக்குப் போக வேண்டும். அங்கே கேமரா இல்லை.

"அங்க ஒரு கேமராவும் அவனுக்கு மட்டும் காட்டுற இன்னொரு கருவியும் வெச்சிடேன்ணா," என்றாள் ஃபாத்திமா.

தெளிவாக எழுத என்னால் முடியும். மாட்டேன் என்றேன். இன்று அடைத்ததை இன்றே திறப்பதற்கில்லை. நஸ்ரினிடம் போய்க் கேட்டேன், அவள் அண்ணன் ஃபோனில் இருக்கலாமா என்று.

"இருக்கட்டும் மாமா. ஆனா அழுவக் கூடாதுனு சொல்லிடுங்க. அவன் அழுதா எனக்கு வாயே வராது."

ஆகவே நாளை அந்த அறைக்குள் நுழையும் முன் ரஃபியை நானே அழைப்பேன். அவன் பக்கத்து ஒலியை அடைத்துவிட்டு, சாட்சிகளின் காதுபட அவளிடம் சம்மதம் கேட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை ஃபோனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பேன்.