கொள்ளு விதைத்த வழி

என் அம்மாவுக்கு,

உன் துண்டு நிலத்தில் இந்த வருஷம் கொள்ளு போட்டிருக்கிறேன். "டீச்சருக்கு எதுக்குடி வெள்ளாமை?" என்று நீ சிரிப்பாய். விளைச்சலுக்காகப் போடவில்லை அம்மா. ஒருவருக்குப் பதில் சொல்லப் போட்டேன்.

நம் தெருவைத் தாண்டினால் முனியப்பாவின் நிலம். அதற்கப்புறம், நெடுஞ்சாலையை ஒட்டி உன் துண்டு. சாலைக்கு அந்தப் பக்கம் இடுகாடு. "என்னை என் நிலத்து வழியாத்தான் தூக்கினு போவணும்" என்று சொல்லி வைத்திருந்தாய். உன்னைத் தூக்கிய அன்று முனியப்பா குறுக்கே நின்றார்.

"பயிர் இருக்குது. பொணம் போவக்கூடாது. ஏரிப் பக்கமா சுத்திக்கினு போங்க."

பயிரா? கேழ்வரகு அறுத்து வெறும் தாள் நின்ற நிலம். தம்பி முழங்கால் சேற்றில் இறங்கினான். பாடை சாய்ந்தது. உன் கை வெளியே விழுந்தது. பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும் என்றார்கள். நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது.

இப்போது அந்த நிலத்தைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. மொழிவாரி ராஜ்ய எல்லை முடிவாகி, நம் ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து முனியப்பா கல் நட்டு மனை விற்கிறார். பெங்களூர் ஃபாக்டரிக்குத் தினம் பஸ்ஸில் போகிறவர்கள், சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள் என்று யார் யாரோ குடிவந்திருக்கிறார்கள். அங்கே களை பிடுங்கிய பெண்கள் அங்கேயே செங்கல் சுமக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பெஞ்சில் தெலுங்கு, ஒரு பெஞ்சில் கன்னடம், நடுவில் சேலத்துத் தமிழ்.

ஆனால் மனையிலிருந்து சாலைக்கு வண்டி ஏற உன் துண்டை விட்டால் வழியில்லை. முனியப்பா வந்தார்.

"டீச்சரம்மா, ஒரு வண்டி போற அளவுக்கு வுட்டாப் போதும்."

"பயிர் இருக்குதுங்களே."

"கொள்ளுதானே டீச்சரம்மா!"

"அன்னிக்கு உங்க நிலத்துல அதுகூட இல்லைங்களே."

அவர் திரும்பிப் போனார். முள்வேலியை இன்னும் நெருக்கமாகக் கட்டினேன். குடிவந்தவர்கள் எல்லாரும் ஏரிக்கரையைச் சுற்றினார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் அம்மா? கேட்டுக்கொண்டேன். வேலியைப் பிரிக்கவில்லை.

போன மாதம் அங்கே ஒரு சாவு. சேலத்துக் குமாஸ்தாவின் தாயார். அந்தக் குமாஸ்தாப் பையன் வேலிக்கு அப்பால் வந்து நின்றான்.

"மழையில கரையெல்லாம் வழுக்குதுங்க. எங்கம்மாவ…"

அவன் முடிக்கவில்லை. நானே முள்ளை இழுத்துப் போட்டேன். உள்ளங்கை கிழிந்தது. "பயிர் மேலயே போங்க" என்றேன். பூத்திருந்த கொள்ளு மிதிபட மிதிபட மனசு குளிர்ந்தது. போனது அந்த அம்மாவா, நீயா?

கூட்டத்தின் கடைசியில் முனியப்பா. அவர் வருவதற்குள் முள்ளைத் திரும்ப இழுத்து வைத்தேன்.

"நீங்க மட்டும் ஏரிப் பக்கமா சுத்திக்கினு வாங்க. பயிர் இருக்குது."

"சாவுல வந்து வெளையாடறீங்களே டீச்சரம்மா!"

"நீங்க சொல்லிக் குடுத்த வெளையாட்டுதானுங்க."

முன்னால் போனவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் சேற்றில் இறங்கினார். மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஒரு ஆள் நுழையும்படி வேலியில் திட்டிவாசல் வைத்திருக்கிறேன். குடிவந்தவர்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். வண்டிக்கு வழியில்லை. விற்காத மனைக் கற்களைப் புல் மூடுகிறது. "போதும்க்கா, வுட்டுடு" என்கிறான் தம்பி. சேற்றில் நின்றவன் அவன், அவனுக்கு மறந்துவிட்டது. எனக்கு ஏன் மறக்கவில்லை?

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன் அம்மா. முனியப்பாவின் காலம் முடிகிற அன்று, வேலி முழுவதையும் நானே பிரித்துப் போடுவேன். படுத்துக்கொண்டு வரட்டும், வழி விடுகிறேன். காலால் நடந்து அவர் உன் மண்ணைத் தாண்ட மாட்டார்.

விழுந்த உன் கையை எடுத்து வைக்க முடியாமல் தெருமுனையில் நின்ற,
உன் மூத்த மகள்
கமலா