அந்த இரண்டு சிவப்பு வாணங்கள்

திருவிழா வருகிறது என்று கோயில் சாமான் அறையை இன்று ஒழித்தோம். உடைந்த குடைக்கம்புகளுக்கு அடியில் அந்த வாணத்தின் வெற்றுக் குழாய் கிடந்தது. மூடியைத் திறந்தேன். இரண்டு வருஷமாகியும் மருந்து வாசம் போகவில்லை, நண்பா. யார் கண்ணிலும் படுவதற்குள் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து வேலை வேண்டாமென்று நீ தெற்கே மீன்பிடிப் படகுக்குப் போனபோது, மலையில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று சிரித்தவன் நான். வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு, பலாங்கொடை பஸ்ஸில் கருவாட்டுப் பையோடு வந்து இறங்குவாய். ஒருமுறை படகில் இருக்கும் ஆபத்து வாணத்தைப் பற்றிச் சொன்னாய். உயரே போய், சின்னக் குடை விரித்து, சிவப்பாக எரிந்துகொண்டே மெல்ல இறங்குமாம். தூரத்துக் கப்பல் அதைப் பார்த்துக் காப்பாற்ற வருமாம். நீ கடலைச் சொன்னாய். எனக்கோ நம் தேர்தான் கண்ணில் வந்தது.

அப்போது நான் திருவிழாக் கமிட்டித் தலைவர். அதற்கு முந்தைய வருஷம் தோட்டத்தின் மேல் டிவிஷன்காரர்கள் வாணவேடிக்கை காட்டி நம் மானத்தை வாங்கியிருந்தார்கள்.

"அதுல ரெண்டு கொண்டாடா. மேல் டிவிஷன்காரங்க வாயப் பொளக்கணும்."

"வெளையாடாத. உசிருக்கு ஆபத்துன்னா கொளுத்துறது அது. பெட்டியில இருக்கறதே ரெண்டுதான்."

"இத்தன வருஷத்துல ஒரு தடவையாச்சும் கொளுத்தியிருக்கீங்களா? சாமிக்குத்தானே கேக்குறேன்."

சாமியை இழுத்தால் நீ மறுக்கமாட்டாய் என்று தெரிந்துதான் இழுத்தேன். இருட்டத் தொடங்கும் நேரம், தேர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டும்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்தினாய். மலையே சிவந்தது. மேல் டிவிஷன்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கமிட்டி வாங்கிய வாணம் என்று நினைத்துச் சனங்கள் என்னைத்தான் தோளில் தூக்கினார்கள். நீ மட்டும் அண்ணாந்து பார்த்தபடி, "போறதுக்கு முன்னாடி ரெண்டு வாங்கி வச்சிரணும்டா" என்றாய். படகு சொன்ன நாளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

உன்னோடு படகில் இருந்து பிழைத்த சிங்களக்காரர் இங்கே வந்தார். உன் அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், பஸ் நிலையத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து ரேடியோ செத்துப்போனதாம். பொழுது சாயும்போது ஒரு கப்பல், ஜன்னல் வெளிச்சம் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் வந்ததாம். காலி என்று தெரிந்தும் நீ அந்தப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாயாம். பிறகு சட்டையைக் கழற்றி டீசலில் நனைத்து, கம்பில் கட்டிக் கொளுத்தி வீசினாயாம். காற்று அணைத்துவிட்டது. கப்பல் திரும்பவில்லை. மறுநாள் அலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன், வாணம் எங்கே என்று மற்றவர்கள் கத்தியபோது, "நான்தான் எடுத்தேன்" என்று மட்டும் சொன்னாயாம். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கைப் பிடித்து, ஒரு வாணம்கூட வாங்கி வைக்காத படகு முதலாளியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். சனங்கள் அழுதார்கள். உண்மை தெரிந்தவன் நம் தோட்டத்தில் நான் ஒருவன்தான். வெட்கங்கெட்டவன், அன்று நானும் அழுதேன்.

இன்று குழாயோடு உன் லயத்து வீட்டு வாசலைத் தாண்டும்போது அம்மா கூப்பிட்டார்கள். உன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு வழக்கம்போலத் தொடங்கினார்கள்.

"ஒரு வாணம் வாங்கி வைக்க வக்கில்லாத பாவி. அவன் கை வெளங்குமா தம்பி?"

"வெளங்காதும்மா" என்றேன். குழாய் என் சட்டைக்குள்தான் இருந்தது.