கிரிஜாவின் கண்ணீருக்கு வழி கிடைத்தது

என் பிரியமுள்ள ரேவதி அக்கா,

முதலில் நல்ல செய்தி. கிரிஜாவின் குழாயை இன்று எடுத்துவிட்டேன். நீங்கள் மாட்டிய உறை இம்மியும் நகரவில்லை.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். நீங்கள் கண் டாக்டர், நான் காது மூக்கு தொண்டை. அடைத்துப்போன கண்ணீர்ப் பாதையைத் திறக்கும்போது, நீங்கள் கண் பக்கமிருந்து மெல்லிய குழாயை விடுவீர்கள், நான் மூக்குக்குள் பிடித்து இழுப்பேன். "மெதுவாடா, மீனா பிடிக்கிற?" என்று ஓசூர் ஆஸ்பத்திரியே கேட்கும்படி அதட்டுவீர்கள்.

கிரிஜாவுக்குக் கம்பெனியில் லென்ஸ் வழியே சின்னச் சின்ன பாகங்களைச் சோதிக்கும் வேலை. வண்டியிலிருந்து விழுந்து மூக்கெலும்பு உடைந்ததிலிருந்து இடது கண் ஓயாமல் வழிந்தது. முதல் அறுவையில் வைத்த குழாய் நழுவி வந்து, வழி மறுபடி அடைத்துக்கொண்டது. "இந்தத் தடவையும் அடைச்சிக்கிச்சின்னா என்னைப் பேக்கிங்குல போட்ருவாங்க மேடம்" என்றாள்.

மறுநாள் ஒரு குட்டி சிலிக்கான் உறையை என் முன்னால் வைத்தீர்கள். விழித்திரை அறுவையில் கண்ணைச் சுற்றிக் கட்டும் பட்டையின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடிப்பது அது.

"இதைக் குழாயோட நுனியில மாட்டி மூக்குக்குள்ள நிறுத்திட்டா நழுவாதுடா."

"அது விழித்திரைக்குச் செஞ்சதாச்சே அக்கா?"

"சிலிக்கானுக்கு அது தெரியுமா?"

ஆஸ்பத்திரிக் குழு ஒப்புக்கொண்டது, கிரிஜாவும் சம்மதித்தாள். சேர்ந்தே செய்து முடித்தோம். குழாயை எடுக்கும் நாளுக்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது. அப்படி என்ன அவசரம் அக்கா?

இன்று குழாயை எடுத்ததும் இமையோரத்தில் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தோம். வழி திறந்திருந்தால் அது தொண்டைக்கு வர வேண்டும். கிரிஜா விழுங்கினாள், முகத்தைச் சுளித்தாள். "சார், தொண்டையில உப்புக் கரிக்குது!" நர்ஸம்மா கை தட்டிவிட்டார்.

"மேடம் எங்க சார்? அவங்கதான மொதல்ல பாக்கணும்?"

சொன்னேன். அவளுக்குக் கண் நிறைந்தது. வழக்கம்போல இடது கன்னத்தைத் துடைக்கப் போனாள். கன்னம் காய்ந்திருந்தது. மூக்கை உறிஞ்சினாள், மறுபடி உறிஞ்சினாள்.

"சார்... மூக்கு ஒழுகுது சார்!"

அழுதுகொண்டே சிரித்தாள். நாங்களும்தான். இப்படி ஓர் அஞ்சலி வேறு யாருக்குக் கிடைக்கும்?

அடுத்த வாரம் கல்லாவியிலிருந்து ஒரு பெண் வருகிறாள், அதே தொல்லை. புதிதாக வந்திருக்கும் கண் டாக்டர் தயங்குகிறார். பக்கத்தில் நின்று அந்த உறையை மாட்டக் கற்றுத் தருவேன். மெதுவாகத்தான் இழுப்பேன், சத்தியம்.

உங்களிடம் திட்டு வாங்கியே தேறிய தம்பி,
செந்தில்