பாட்டுக்கு முன்னால் சொன்ன பெயர்

என் ஃபிலோவுக்கு, உன் செண்பா எழுதுகிறேன்.

உன்னிடம் இதைச் சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. போய்ச் சேர்ந்தவளிடம் என்ன பயம் என்று கேட்பார்கள். அவர்கள் உன்னோடு பன்னிரண்டு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் "பரவாயில்ல, விடு" என்கிறார்கள். நீ ஒருத்திதான் அப்படிச் சொல்ல மாட்டாய். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டிய இடத்தை இன்னும் மூடவில்லை. நம் மாடி அறைக்கு வர ஆட்டோக்காரர்கள் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள், அதைச் சொல்லிச் சண்டையும் போடுகிறார்கள். படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாட்டுத் தேடிக் கொடுக்கும் நம் இரண்டு பேர் கம்பெனி ஒற்றை ஆளோடு ஓடுகிறது. சாந்தோமில் உன் தம்பி சேவியர் நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணி, "சாப்டீங்களாக்கா?" என்று கேட்கிறான். உனக்குப் போட வேண்டிய போனை எனக்குப் போடுகிறான் என்று நினைக்கிறேன்.

இனி என் விஷயம். உன் பாட்டுகளை நான் ஒழுங்குபடுத்தினேன் ஃபிலோ.

நீ சேர்த்தது எதுவும் கடையில் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த காலத்திலிருந்தே கையடக்க ரிக்கார்டரோடு வீடு வீடாகப் போய் நீயே பதிவு செய்தவை. கோப்புகளுக்குப் பெயர் வைக்க மாட்டாய், வெறும் எண்தான். யார் பாடியது, எந்த இடம், எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் பாட்டுக்கு முன்னால் பாடுகிறவர் வாயாலேயே சொல்ல வைப்பாய். "பேரு சொல்லுங்க" என்று கேட்பாய், அவர் சொல்வார், அப்புறம்தான் பாட்டு. இப்படி வைத்தால் அவசரத்துக்கு எப்படித் தேடுவது என்று எத்தனை தடவை உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன்? "கேட்டுத்தான் தேடணும் செண்பா. கேக்காம எடுத்துக் குடுக்க இது என்ன மளிகைக் கடையா?" என்பாய்.

நீ போய் இரண்டு மாதம் கழித்து, சேவியர் கொடுத்த உன் ஹார்டு டிஸ்கை மேஜையில் வைத்து ஒரு மென்பொருளை ஓட விட்டேன். பேச்சு வரும் இடத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டிவிடும். மிச்சமிருந்த பாட்டுக்குப் புதுப் பெயரும் வைத்தேன். 'பெண்குரல், மெதுவாக, சோகம், பதினேழு' என்கிற மாதிரி. ஒரே வாரத்தில் எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. பழைய டிஸ்க் ஏற்கெனவே கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெட்டிய பாட்டுகளை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, அதை அழித்து, பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டேன். பெயர்களைத் தனியாக எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று அப்போது தேடவில்லை. பிறகு தேடினேன், எங்கும் இல்லை.

வேலை சுலபமாகட்டும் என்றுதான் வெட்டினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அந்தக் கதை செல்லாது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நீ வந்தாய் ஃபிலோ. "பேரு சொல்லுங்க." "ம், பாடுங்க." சில இடங்களில் உன் இருமல். அடையாறு ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்குப் போய் வந்துகொண்டிருந்த வருஷத்துப் பதிவுகளில் உனக்கு மூச்சு வாங்குகிறது. என்னால் கேட்க முடியவில்லை. பேச்சை மொத்தமாக வெட்டு என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். உன் குரல் போனது, அதோடு அத்தனை பேருடைய பெயரும் போனது.

அது எவ்வளவு பெரிய தப்பு என்பது போன திங்கட்கிழமைதான் புரிந்தது. இயக்குநர் கதிரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். தி. நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அதே பஜாரில் கடை வைத்திருந்தவர் என் அப்பா என்பது உனக்குத் தெரியும். எங்கள் கடையிலும் அந்தப் பெண்களுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. அதனாலேயே இந்தப் படத்துக்கு நல்லதாக ஒன்று செய்து கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

கடைசிக் காட்சியில் கடை அடைத்துவிட்டு ஒரு பெண் பஸ்ஸில் ஏறி, அன்றைக்கு முதல் முறையாக உட்கார்ந்து கண்ணை மூடுகிறாள். அதன் மேல் கதிர் என் பதினேழாம் எண்ணைப் போட்டிருந்தார். அதில் சொற்களே இல்லை. வாயைத் திறக்காமல் ஒரு பெண் முனகுகிறாள், பின்னால் மின்விசிறிச் சத்தம். படத்தொகுப்பு அறையில் இருந்த நாலு பேரும் அழுதுவிட்டார்கள். வெளியிடுகிற நிறுவனம் ஒன்றே ஒன்று கேட்டது. பாடியவர் யார், சம்மதம் தந்தாரா என்று வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் எழுத்தில் வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும்? காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் அந்த மின்விசிறியைக் கேட்டேன். ஒரு முறை குக்கர் விசில் வருகிறது, ஒரு முறை யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். அதை வைத்துக்கொண்டு சென்னையில் எந்த வீட்டைக் கண்டுபிடிப்பது?

புதன்கிழமை கதிர் கூப்பிட்டார். "இன்னாக்கா ஆச்சு? ஆள் கெடச்சாங்களா?"

"தேடிட்டிருக்கேன் கதிர்."

"பாரம்பரியப் பாட்டு, பாடினவங்க யாருன்னு தெரியலன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடுங்க. யாருக்கா வந்து கேக்கப் போறாங்க? இன்னும் ரெண்டு நாள்தான் கீது."

போட்டேன் ஃபிலோ. "பதிவு செய்தவர் காலமாகிவிட்டார், விவரம் எதுவும் விட்டுச் செல்லவில்லை" என்று உன் தலையிலும் பழியைப் போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு மோர் சாதம்கூட இறங்கவில்லை. விவரம் விடாமல் போனவளா நீ?

வியாழக்கிழமை காலையில் சேவியரைப் பிடித்தேன். உன் ரிக்கார்டர் எங்கே என்று கேட்டேன்.

"அது கெட்டுப்போச்சுன்னு அக்காவே தூக்கிப் போட்டாங்களே. குட்டி மெமரி கார்டுங்கதான் மிச்சம். மாத்திர டப்பாவுல வெச்சிருந்தாங்க."

"அந்த டப்பா எங்க சேவியர்?"

"மிச்சமிருந்த மருந்தையெல்லாம் கோயில் டிஸ்பென்சரிக்குக் குடுத்தேன். அதோட போயிருக்குமோ என்னமோ."

இரண்டு பேரும் அப்படியே கிளம்பிப் போனோம். அங்கே மருந்து கொடுக்கிற அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து உன் ஏழு நாள் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தார். "தொறந்தா மாத்திரையே இல்ல. யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு வெச்சேன்" என்றார். உள்ளே ஆறு கார்டுகள் இருந்தன. நீ நிரப்பிய கார்டுகளில் இவை கொஞ்சம்தான், மற்றவை எங்கே என்று தெரியவில்லை. நான்காவது கார்டில் அந்த மின்விசிறி சுற்றியது.

"பேரு சொல்லுங்க" என்று நீ கேட்கிறாய்.

"வசந்தா. அபிராமபுரம். என்ன டீச்சர், உங்களுக்குத் தெரியாதா, ப்ரியாவோட அம்மா."

"ரிக்கார்டுக்குச் சொல்லணும் இல்ல? இது யாரு பாட்டு?"

"யாரோடதும் இல்லை. நானா முனகிண்டு இருப்பேன். வாயைத் திறந்தா ஹாலுக்குக் கேக்கும். டீச்சர், இதை அவர் இருக்கற வரைக்கும் வெளில போடாதீங்கோ."

"சரி" என்கிறாய். அப்புறம் முனகல் ஆரம்பிக்கிறது.

அந்தச் 'சரி'யைச் சேவியரும் நானும் திரும்பத் திரும்பக் கேட்டோம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், நீ பாட்டு சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் விலாச நோட்டைத் தேடி எடுத்து வந்தான். ப்ரியா என்ற பெயருக்கு நேரே அபிராமபுரத்து அடுக்குமாடி வீடு ஒன்றின் விலாசம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், காறித் துப்பாதே. முகம் தெரியாத அந்த மனுஷர் செத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பதிவு செய்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, வயதும் ஆகியிருக்கும், இல்லாமலிருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று கணக்குப் போட்டேன். மாலை போட்ட ஒரு போட்டோ கூடத்தில் தொங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது அவர்தான். எழுபத்தைந்து இருக்கும், வேட்டியைத் தழையக் கட்டியிருந்தார், கையில் செய்தித்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "இல்ல சார், ப்ரியாவோட பழைய டீச்சர் விஷயமா மாமியைப் பார்க்கணும்" என்றேன்.

"வசந்தா, உன்னைத் தேடிண்டு யாரோ வந்திருக்கா."

மாமி வந்தார். உன் பெயரைச் சொன்னதும் ஹாலை ஒரு பார்வை பார்த்தார். "மாடில துணி எடுக்கணும், வாங்கோ" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வெயிலில், காய்ந்துகொண்டிருந்த புடவைகளுக்கு நடுவில் நின்று என் போனில் படத்தின் கடைசிக் காட்சியைக் காட்டினேன். காதில் இயர்ஃபோனை வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் கழற்றவில்லை.

"முன்னாடி நான் பேர் சொன்னேனே. அது எங்கே?"

"வெட்டிட்டேன் மாமி."

"எதுக்கு?"

நீ இறந்துபோனதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். உன் குரலோடு இருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன். அது ஓடும்போதே கதிரின் அழைப்பு இரண்டு தடவை வந்தது. மணி பத்தே முக்கால்.

நான் கெஞ்சினேன். கடைப் பெண்களைப் பற்றிச் சொன்னேன், எங்கள் கடையில் ஸ்டூல் இல்லாததைச் சொன்னேன், கேட்டவர்கள் அழுததைச் சொன்னேன். "அழுதாளா?" என்று கேட்டு லேசாகச் சிரித்தார். சம்மதம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாம்மா" என்றார். "கீழ உக்காந்துண்டு இருக்காரே. நான் சொன்ன வார்த்தை அது. டீச்சரும் சரின்னு சொல்லியிருக்கா."

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பொய்க் காகிதம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மனுஷர் இதையெல்லாம் பார்க்கிற ஆளாகவும் தெரியவில்லை. நீ என் இடத்தில் இருந்தால் இதை யோசித்திருக்கவே மாட்டாய். நான் யோசித்தேன், துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே யோசித்தேன்.

பிறகு மாமி முன்னாலேயே கதிரைக் கூப்பிட்டேன். பாடியவர் கிடைத்துவிட்டார், சம்மதம் இல்லை, நான் கொடுத்த காகிதம் பொய், நிறுவனத்துக்கும் இப்போதே எழுதிவிடுகிறேன், பாட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கத்தியது போனுக்கு வெளியே கேட்டது. "கடைசி நேரத்துல இப்டி நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டீங்களேக்கா. இனிமே எவன் உங்ககிட்ட பாட்டு கேப்பான்?" அவர் கேட்டதில் தப்பு இல்லை. வெறும் பஸ் சத்தத்தோடு அந்தக் காட்சி போயிற்று. அதற்கப்புறம் அவர் என் போனை எடுக்கவில்லை. நிறுவனத்திலிருந்து பதிலும் வரவில்லை.

நான் போனைப் பைக்குள் வைக்கும்போது மாமி என் கையைப் பிடித்தார். "டீச்சர் பண்ணுவாளே, அதே மாதிரி நீயும் பிடிச்சுக்கோ. முன்னாடி ஒட்டி வை" என்றார்.

பதிவுப் பொத்தானை அழுத்தினேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். அவர் காத்திருந்தார். "பேரு சொல்லுங்க" என்றேன் ஃபிலோ. அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வசந்தா. அபிராமபுரம். அன்னிக்கு அவர் இருக்கற வரைக்கும் போடாதீங்கோன்னு சொன்னேன். அதை மாத்தறேன். அவர் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி, என்னைக் கேட்டுட்டுப் போடுங்கோ."

துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பெயர் இல்லாமல் கிடக்கிற எந்தப் பாட்டையும் இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். சேவியரும் நானும் அந்த விலாச நோட்டை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போகப் போகிறோம். சில கதவுகள் திறக்காது, சிலர் இருக்க மாட்டார்கள், சிலர் என்னைத் திட்டுவார்கள். கதவு திறந்த வீட்டில், உங்கள் பெயரை வெட்டியது நான்தான் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் உட்காருவேன்.

உன் தம்பிக்கு இப்போது அக்காவாக இருக்கிற,
செண்பகம்