முகப்பில் ஆறு இடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே சண்டை. ஒரு நாளைக்கு எத்தனை புது விளையாட்டு இறக்குவது?

நான் ஏதோ பொம்மைக் கடையில் வேலை பார்ப்பதாகத்தான் அம்மா இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் கடை போனுக்குள் இருக்கிறது, அதில் எந்த விளையாட்டு எப்போது இறங்கும் என்று அட்டவணை போடுவது என் வேலை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது சனி ஞாயிறு நீங்கலாக, ஆபீஸ் நேரத்துக்குள்ளாகவே ஒரு நாளைக்கு நூற்றிருபது இறக்குகிறோம். இருநூறு ஆக்கச் சொல்கிறார் மேலாளர். மனிதர் உட்கார்ந்தே பேசமாட்டார். மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார். எங்களுக்கு அவர் மின்விசிறி.

"சார், கடை முகப்புல ஆறு இடம்தான் இருக்கு. புதுசு ஒண்ணு ஏறினா பழசு ஒண்ணு கீழ இறங்கிடும். இப்பவே ஒரு விளையாட்டு அரை மணிநேரம்கூட அங்க நிக்கிறதில்ல" என்றேன்.

"புதுசு நின்னா கடை படுத்துடும்மா. வர்றவன் ஒரு நாள் பார்ப்பான், ரெண்டாம் நாள் பார்ப்பான், அப்புறம் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வலது கடைவாய்ப் பல் விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. ராத்திரி சர்வர் மாற்றுகிறார்கள் என்பதால் முகப்பைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். பூட்டினால் அந்த ஆறும் அப்படியே நிற்கும், புதிதாக எதுவும் ஏறாது.

மார்ச் 5, புதன்

பல் போயே போச்சு. லீவு. முகம் பூசணிக்காய்.

மார்ச் 7, வெள்ளி

தங்கையின் விளையாட்டு இன்று இறங்கியது. மாடி அறையில் மூன்று வருஷம் தனியாக உட்கார்ந்து செய்தாள். அந்த விளையாட்டில் நீங்கள்தான் லிஃப்டை இயக்குகிறவர். ஏறுகிறவர்கள் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவில் பேசுவது மட்டும் காதில் விழும். அந்த அரைகுறைப் பேச்சை வைத்துக்கொண்டு யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் செய்தது என்பதால் நான் அதைத் தொடவே மாட்டேன் என்று ஆபீசில் முதலிலேயே சொல்லிவிட்டேன். வேறொருவர்தான் பார்த்து அனுமதித்தார்.

சாயங்காலம் கீழே இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, முகப்புல வரவே இல்ல."

"வந்திருக்கும்டி. அட்டவணையில வெளியானதுன்னு காட்டுது. இருபது நிமிஷம் இருந்தா அதிகம். நீ டீ போடப் போன நேரத்துல வந்துட்டுப் போயிருக்கும்."

"நான் டீ போடவே போகல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டு செய்து அனுப்புகிற எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஒருத்தராவது 'ஆமாம், தூங்கிவிட்டேன்' என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

மார்ச் 8, சனி

மேலே சத்தமே இல்லை. கோபமாக இருப்பாள். இருக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் ஆபீசில் புகார்களுக்குப் பதில் எழுதுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைப் புகார்ப்பெட்டி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போனை எடுத்தால் அவரே "புகார்ப்பெட்டி பேசறேன்" என்பார். இன்று சாப்பிடும்போது, "என் விளையாட்டு முகப்புல வரலைன்னு ஒரே அழுகைம்மா" என்றார்.

"புதுசா என்ன?"

"அதானே. தினமும் வர்றதுதான். வந்துட்டுப் போயிடுச்சுன்னு ஒரு பதில் தயாரா வச்சிருக்கேன். ஒட்டி ஒட்டி அனுப்பறேன்."

வீட்டுக்கு வந்தால், தங்கை கம்ப்யூட்டரை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேரப் போகிறாளாம். "ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலக்கா. அவ்வளவு மோசமா செஞ்சிருக்கேன் போல. மூணு வருஷம் போதும்." நான் அவசரப்படாதே என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 14, வெள்ளி

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

காலையில் தையல் பிரிக்கப் பல் டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் போனில் மீன் வளர்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கடை விளையாட்டுதான். எங்கே பிடித்தாய் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"முகப்புலயே இருக்கே அக்கா. போன வாரத்துலேர்ந்து அங்கதான் இருக்கு. தினமும் பார்த்துப் பார்த்து, சரி என்னதான் இருக்குன்னு வாங்கிட்டேன்."

போன வாரத்திலிருந்தா? எங்கள் முகப்பிலா?

நாற்காலியில் சாய்ந்தபடியே என் போனில் கடையைத் திறந்தேன். அதே ஆறு. போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் விட்டுவிட்டு வந்த அதே ஆறு. டாக்டர் வாயைத் திறங்க என்றார். அது ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது.

நான் போட்ட பூட்டு. மறுநாள் காலை திறந்திருக்க வேண்டும். மறுநாள் நான் வாயில் பஞ்சோடு படுத்துக் கிடந்தேன். அதற்குப் பிறகு அது நினைவிலேயே இல்லை. தினமும் அட்டவணையைத்தான் பார்த்தேன். அதில் எல்லாம் பச்சையாக 'வெளியானது' என்றிருந்தது. கடையில் வேலை செய்கிற ஒருவருமே கடைக்குள் போய்ப் பார்க்கவில்லை.

நேற்றுவரை எண்ணூற்றுச் சொச்சம் விளையாட்டுகள் முகப்பின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அது யாருக்குமே தெரியவில்லை என்பதுதான் இடி. வாங்க வருகிறவர்களுக்குத் தெரியவில்லை. மின்விசிறிக்குத் தெரியவில்லை. புதுசு நின்றால் கடை படுத்துவிடும் என்றாரே, நின்றுதானே போயிருந்தது? தெரிந்தவர்கள் அதைச் செய்தவர்கள் மட்டும்தான். அவர்கள் புகார் சொன்னார்கள், நாங்கள் பதில் ஒட்டினோம். சரியாக ஓடும்போதும் அதே புகார், ஓடாதபோதும் அதே புகார். அப்படியென்றால் நாங்கள் நடத்துவது என்ன?

அவள் டீ போடப் போகவில்லை.

புகார்ப்பெட்டி அண்ணனிடம் சொன்னேன். மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் அனுப்பின பதிலெல்லாம்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒரு பொத்தானை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. அழுத்தாமல் வந்துவிட்டேன். இருபது நிமிஷத்தில் அடித்துக்கொண்டு போகிற அந்த வெள்ளத்தில் இன்னும் நூற்றிருபது பேரைத் தள்ளிவிட மனசு வரவில்லை. இதை முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மாடிப்படியில் நின்றுகொண்டே சொன்னேன், உள்ளே போக தைரியமில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பூட்டினது தப்பில்லக்கா. பல் வலில மறந்துட்ட. யாரும் மறப்பாங்க." அப்புறம், "நான் டீ போடவே போகலைன்னு சொன்னேன்ல. நீ ஏன் நம்பல?"

பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கி அறைந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மார்ச் 17, திங்கள்

மின்விசிறி நின்றது. பூட்டைப் பற்றிச் சொன்னதும் சுற்றுவதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவரை நாற்காலியில் பார்த்தது இன்றுதான்.

"யாருக்குமே தெரியலையா?"

"தெரியல சார்."

"எனக்குமா?"

விற்பனைக் கணக்கைத் திறந்து பார்த்தார். குறையவே இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. கடைசியில், "இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது" என்றார். எண்ணூறு பேரிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். சொன்னால் அட்டவணை உன் கையில் இருக்காது என்றார்.

அட்டவணையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்ததா?

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனும் நானும் சேர்ந்து எல்லோருக்கும் உண்மையை எழுதி அனுப்பிவிட்டோம். உங்கள் விளையாட்டு முகப்பில் வரவில்லை, தவறு எங்களுடையது, நீங்கள் சொன்னது நிஜம் என்று. கிழி கிழியென்று கிழிக்கப் போகிறார்கள்.

மார்ச் 19, புதன்

கிழிக்கவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

'அப்படியானால் என் விளையாட்டு மோசமில்லையா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர், 'என் மனைவியிடம் இதைக் காட்டினேன், நன்றி' என்கிறார். நன்றியா? எங்களுக்கா? ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இதே மாதிரி. நாலைந்து பேர்தான் திட்டியிருந்தார்கள். அதைப் படித்தபோதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மின்விசிறி எங்கள் பின்னால் நின்று அத்தனையையும் படித்தார்.

மார்ச் 24, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு. காலையில் ஏறினால் மறுநாள் காலைவரை அசைக்கக் கூடாது. விடுபட்ட எண்ணூறுக்கும் முதலில் இடம், குலுக்கல் முறையில். இருநூறு கேட்ட மனிதர் ஆறுக்கு இறங்கியிருக்கிறார். நான் கேட்டிருந்தால்கூட இருபதுதான் கேட்டிருப்பேன்.

அட்டவணை என்னிடமிருந்து போய்விட்டது. புகார்ப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி. வலிக்காமல் இல்லை. ஆனால் இப்போது புகார் வந்தால் கடைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறோம்.

தங்கை இன்சூரன்சில் சேர்ந்துவிட்டாள். கம்ப்யூட்டரை இன்னும் யாரும் வாங்கவில்லை.

ஜூன் 11, புதன்

குலுக்கலில் அவளுக்கு இன்றுதான் இடம் வந்தது. மூன்றாவது இடத்தில், லிஃப்ட் கதவு பாதி திறந்த படம். ஆபீசில் உட்கார்ந்து இன்று மட்டும் நூறு தடவை பார்த்திருப்பேன். அவள் இன்று லீவு போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

விற்கவில்லை.

ஆயிரக்கணக்கானவர்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள். முதல் சில மாடிகளை இலவசமாகவே ஆட விட்டிருந்தாள். நிறைய பேர் ஆடியும் இருக்கிறார்கள். வாங்கியவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். இத்தனை ரகளையும் இதற்குத்தானா? இதை எப்படி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மாடி அறைக் கதவு திறந்திருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"பார்த்துட்டுத்தானேக்கா வேண்டாம்னு போயிருக்காங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. "இங்க பாரு. முக்கால்வாசிப் பேர் மூணாவது மாடிலயே லிஃப்டை விட்டு இறங்கிட்டாங்க. அந்த மாடில ஏதோ சரியில்ல. நான்தான் அங்க சொதப்பியிருக்கேன்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். நான் வாசலில் நின்றபடியே, டீ குடிக்கிறியா என்று கேட்டேன்.

"நீ போட்டுக் கொண்டா. நான் எழுந்திருக்க மாட்டேன்."

போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.